ஸ்டாக் தளங்களுக்குக் கைக்குழந்தைகளைப் படமெடுத்தல்: மதுரைப் பக்கம் புதிதாகத் தொடங்குவோருக்கு

வளைகாப்பு, காதுகுத்து, முதல் பிறந்தநாள் என்று விசேஷ வீடுகளில் படமெடுத்துப் பழகியவர்கள் பலர், அதே கேமராவைக் கொண்டு ஸ்டாக் தளங்களிலும், அதாவது எவரும் பணம் கட்டிப் படத்தைப் பயன்படுத்தும் உரிமம் பெறும் இணையச் சந்தைகளிலும், படம் விற்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். விற்கலாம், ஆனால் வேலை வேறு. விசேஷ வீட்டில் படத்தை வாங்குபவர் குழந்தையின் தாத்தா. பேரன் முகம் தெளிவாக விழுந்தால் அவருக்கு அது நல்ல படம். ஸ்டாக் தளத்தில் வாங்குபவரோ அந்தக் குழந்தையை அறியாதவர். மருத்துவமனைக் கையேட்டுக்கோ, காப்பீட்டு விளம்பரத்துக்கோ, பத்திரிகைக் கட்டுரைக்கோ பொருந்தும் ஒரு காட்சியைத் தேடி வருகிறார். பூக்கூடைக்குள் தொப்பி போட்டுத் தூங்கும் சிசுக்கள் இந்தத் தளங்களில் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. சேலைத் தொட்டிலின் விளிம்பைப் பிடித்து ஆட்டும் அப்பத்தாவின் கை, குளித்து முடித்த குழந்தையைத் துவட்டும் தகப்பன், நகம் வெட்டுவதற்குள் தாய் படும் பாடு போன்றவை அங்கே அரிது. நம் வீடுகளில் அன்றாடம் நடக்கும் இந்தப் பராமரிப்பைத்தான் புதிதாக வருபவர் தன் சரக்காகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கீழே சொல்லும் எல்லாம் அதை ஒட்டியே வருகின்றன.

முதல் படி: கையெழுத்து

அடையாளம் தெரியும் எந்த மனிதரின் படத்தையும் வணிகப் பயன்பாட்டுக்கு விற்க, மாடல் ரிலீஸ் எனப்படும் ஒப்புதல் படிவம் வேண்டும். ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், ஐஸ்டாக் என்று எங்கே போனாலும் இந்த விதி உண்டு. 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தராது என்பதால், குழந்தைக்காகத் தாயோ தகப்பனோ சட்டப்படியான பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். அத்தையோ சித்தப்பாவோ இட்ட கையெழுத்து செல்லாது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் படிவம். இரட்டைப் பிள்ளைகள் என்றால் இரண்டு. படத்தில் வரும் தாய்க்கும் தாத்தாவுக்கும் அவரவர் பெயரில் தனித்தனிப் படிவம். கை மட்டுமே தெரிகிறது என்றாலும் நான் வாங்கிவிடுவேன்; மருதாணியும் மோதிரமும் உள்ள கையைப் பார்த்து, ஆள் அடையாளம் தெரிகிறது என்று தளத்தில் படங்களைச் சரிபார்க்கும் பரிசீலகர் நினைத்துவிட்டால் பிறகு அந்த வீட்டுக்கு மறுபடியும் அலைய வேண்டும்.

படிவத்தில் பெயர், பிறந்த தேதி, முகவரி, படமெடுத்த தேதி ஆகியவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். சில தளங்கள் சாட்சிக் கையெழுத்தையும் கேட்கும். எல்லாவற்றுக்கும் உதவட்டும் என்று அதையும் வாங்கி வைப்பது நல்லது. சாட்சியாக நீங்களோ படத்தில் இருப்பவரோ கையெழுத்திடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் போதும். அதே குழந்தையை மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தால் புதிய தேதியிட்ட புதிய படிவத்தை வாங்குங்கள்.

சட்டம் கேட்பது இவ்வளவுதான். குடும்பம் கேட்பது இதைவிட அதிகம். நம் பக்கத்தில் தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில் நடக்கிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் குழந்தையைத் தகப்பன் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். நீங்கள் போய் நிற்கும் வீட்டில் இருப்பது பாதிக் குடும்பம் என்பதை மறந்துவிடக் கூடாது. தொடங்கிய புதிதில் நான் மறந்தேன். மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தாயின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு இரண்டு காலை வேளைகள் படமெடுத்தேன். பத்து நாள் கழித்துத் தகப்பன் வழி அப்பத்தாவுக்குச் செய்தி போனதும், பிள்ளைக்குக் கண் பட்டுவிடும், வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். விதிப்படி என் படிவம் செல்லும். ஆனாலும் அந்தப் படங்களில் ஒன்றைக்கூட நான் பதிவேற்றவில்லை. அன்று முதல் தாய், தகப்பன் இருவரின் கையெழுத்தும் இல்லாமல் கேமராப் பையைத் திறப்பதில்லை. தகப்பன் வெளிநாட்டில் இருந்தால் காணொளி அழைப்பில் பேசி, படிவத்தை அனுப்பிக் கையெழுத்திட்டு வாங்கிய பிறகே தேதி குறிக்கிறேன்.

படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். அதன் பொருளைத் தமிழில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இந்தப் படத்தை உலகத்தில் எவரும் பணம் கட்டி வாங்கலாம். வாங்கியவர் யார் என்பதை நமக்குச் சொல்ல மாட்டார்கள். தளத்திலிருந்து நாம் பின்னர் நீக்கினாலும் ஏற்கெனவே வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது. ஆபாசத்துக்கும் அவதூறுக்கும் பயன்படுத்துவதைத் தளங்களின் உரிம விதிகள் தடுக்கின்றன. ஆனால் டயப்பர் உறையிலோ வங்கிச் சுவரொட்டியிலோ வருவதைத் தடுக்காது. செயற்கை நுண்ணறிவு பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 2023 இல் அடோபி வெளியிட்ட, படங்களைத் தானே உருவாக்கும் ஃபயர்ஃபிளை என்ற மென்பொருள், அடோபி ஸ்டாக்கில் உள்ள படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. "அப்ப எம்பேரன் படம் எந்த ஊருல ஒட்டியிருக்குன்னு உனக்கே தெரியாதாப்பா?" என்று ஓர் அம்மாச்சி என்னிடம் கேட்டார். "தெரியாதும்மா" என்பதைத் தவிர வேறு நேர்மையான பதில் இல்லை. அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் சம்மதிக்கும் குடும்பத்தோடு மட்டும் வேலை செய்யுங்கள்.

பணத்தையும் அப்போதே பேசி முடிக்க வேண்டும். விற்றால் தருகிறேன் என்ற பேச்சு வேண்டாம். எப்போது விற்கும், எவ்வளவுக்கு விற்கும் என்பது உங்களுக்கே தெரியாது. படமெடுக்கும் நாளன்றே ஒரு தொகையையும், பின்னர் நல்ல அச்சில் பத்துப் படங்களையும் கொடுத்துவிடுவது என் வழக்கம். திரைப்படம், விளம்பரம் முதலியவற்றில் நடிக்கும் குழந்தைகளுக்காக 2017 இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகள், நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றும், வருமானத்தில் 20 சதவீதத்தையாவது குழந்தையின் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும் என்றும் சொல்கின்றன. பணத்துக்கு அதைவிடத் தாராளமான அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கு அது அளவுகோலே ஆகாது: கைக்குழந்தைக்கு ஒரு வேளையில் 40 நிமிடமே அதிகம்.

எந்த மாதத்தில் எந்தப் படம்

குழந்தை வளரும் ஒழுங்கைப் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் நமக்கு ஏற்கெனவே பருவம் பருவமாகப் பிரித்து வைத்துவிட்டார்கள். படப் பட்டியல் போடுவதற்கு இதைவிட நல்ல சட்டகம் எனக்குக் கிடைக்கவில்லை. செங்கீரை ஐந்தாம் மாதம்: கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி முகம் அசைத்தாடும் நிலை. குழந்தை குப்புற விழுந்து தலையைத் தானே தாங்கும் இந்த வாரங்களில் கேமராவைத் தரையோடு தரையாக வைத்தால் கண்ணுக்கு நேர் கண் கிடைக்கும். தாலாட்டுக்கு உரிய ஏழாம் மாதத்தில் தொட்டில். சப்பாணி ஒன்பதாம் மாதம்: உட்கார்ந்து கைகொட்டும் குழந்தை, கை ஓரிடத்தில் நிற்காது என்பதால் ஷட்டர் வேகம் நொடியில் 1/500 ஆவது வேண்டும். பதினோராம் மாதத்து முத்தம், ஓராண்டை ஒட்டிய தளர்நடையில் "வருக" என்று அழைக்கும் வருகை, பிறகு இடுப்பில் வைத்து நிலாக் காட்டும் அம்புலி. இவை எல்லாவற்றிலும் குழந்தையோடு இன்னொருவரும் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். விற்கும் படத்துக்கு வேண்டிய உறவு அதிலேயே இருக்கிறது.

பிறந்து முதல் மூன்று மாதங்களைப் புதியவர்கள் விட்டுவிடுவதே நல்லது. கழுத்து நிற்காத குழந்தையைக் கையாள்வது தனிப் பயிற்சி. தவளைபோல் கன்னத்தில் கையூன்றி உட்கார்ந்திருக்கும் சிசுவின் படத்தைப் பார்த்து அதைச் செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்தக் குழந்தை அப்படி உட்காரவே இல்லை. ஒரு படத்தில் தலையையும் இன்னொரு படத்தில் கைகளையும் பெரியவர் ஒருவர் பிடித்திருக்க, இரண்டையும் கணினியில் இணைத்துப் பிடித்த கையை அழிப்பார்கள். தீட்டுக் கழியும் வரை, முப்பது நாள் ஆகும் வரை படமே எடுக்கக் கூடாது என்னும் வீடுகளும் உண்டு. வாதாடத் தேவையில்லை, ஐந்தாம் மாதம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வரலாம்.

நாளும் வெளிச்சமும்

தேசிய அட்டவணைப்படி 6, 10, 14 ஆவது வாரங்களில் தடுப்பூசி போடுவார்கள். அதை ஒட்டி இரண்டு நாள் குழந்தைக்குக் காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கலாம். அந்த நாட்களைத் தவிருங்கள். உங்களுக்குச் சளி, இருமல் இருந்தால் நீங்களே தேதியைத் தள்ளி வைக்க வேண்டும். வீட்டுக்குள் போனதும் சோப்பால் கை கழுவுவது மரியாதை. பாட்டிகள் உங்களை அளப்பதும் அதை வைத்துத்தான்.

பங்குனி, சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் காலை ஒன்பதரைக்கெல்லாம் சுவரைச் சுட வைத்துவிடும். ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில், குழந்தை தூங்கி எழுந்து பால் குடித்து முடித்த அரைமணி நேரமே உங்கள் நேரம். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள முற்றம் வைத்த பழைய வீடு கிடைத்தால் அதிருஷ்டம். ஆனால் முற்றத்தின் நடுவில் குழந்தையை வைத்தால் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் கண்குழிகள் இருண்டுவிடும். தாழ்வாரத்தின் விளிம்பில், முற்றத்தைப் பார்த்தபடி தாயை உட்கார வைத்தால் முகம் முழுவதும் மென்மையாக ஒளி பரவும். புதிய வீடுகளில் வடக்குப் பார்த்த சன்னலைத் தேடுங்கள். வெயில் நேராக விழும் சன்னல் என்றால் துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டி, இன்னொரு வேட்டியை எதிர்ப்பக்கக் கொடியில் தொங்கவிட்டால் அது நிழல் பக்கத்தையும் வெளிச்சமாக்கிக் கொடுக்கும். ஆயிரக்கணக்கில் செலவிட்டு ரிஃப்ளெக்டர் வாங்கிய பிறகும் நான் வேட்டிக்கே திரும்பினேன்.

குழல்விளக்கை அணைத்துவிட வேண்டும். சன்னல் வெளிச்சத்தோடு அது கலந்தால் தோல் நிறம் ஒரு பக்கம் பச்சையாகும். பச்சை, நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர்கள் குழந்தையின் கன்னத்தில் தம் சாயலைப் பூசும் என்பதால், அந்தச் சுவரிலிருந்து நான்கைந்து அடியாவது முன்னே வாருங்கள். முகத்துக்கு நேரே ஃபிளாஷ் வேண்டாம். குழந்தை திடுக்கிடும்; ஒரு முறை திடுக்கிட்டால் அன்றைய வேலை முடிந்தது.

விரிப்புக்குச் சுங்குடிச் சேலையைவிட அழகானது நம் ஊரில் இல்லை. 2005 இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் துணியின் புள்ளிகள் படத்தில் இடத்தை உடனே உணர்த்தும். ஆனால் புதுச் சுங்குடி சாயம் விடும். குழந்தை ஊற்றும் எச்சிலில் சிவப்பு கரைந்து கன்னத்தில் ஏறும். இரண்டு மூன்று முறை அலசிக் காய வைத்த சேலையையே கொண்டு போக வேண்டும்.

எடுக்கும்போது

குழந்தையின் கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. செல்பேசியும் கையில் இருக்கக் கூடாது. மேலிருந்து எடுக்கும்போது கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்; லென்ஸ் மூடியை உங்கள் சட்டைப்பையில் போடுங்கள், பாயில் வைத்தால் அது நேராக வாய்க்குப் போகும். கட்டிலின் ஓரம், திண்ணையின் விளிம்பு, மொட்டைமாடியின் சுடுதரை ஆகிய மூன்றும் விலக்கு.

50 மி.மீ. அல்லது 85 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். லென்ஸின் துளையை (f எண்) 2.8 க்கும் 4 க்கும் இடையில் வைத்து, அருகிலுள்ள கண்ணில் குவியம் பிடித்து, ஷட்டர் வேகத்தை 1/250 க்குக் கீழே இறங்கவிடாமல், ஐஎஸ்ஓவை இயன்றவரை 1600 க்குள் வைத்துக்கொள்ளுங்கள். ரா கோப்பாகவே, அதாவது கேமரா திருத்தாமல் தரும் மூலக் கோப்பாகவே, எடுங்கள். ஒரே காட்சியைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் எடுத்து, ஒரு பக்கம் வெற்றிடம் விட்டும் ஒரு படம் எடுக்க வேண்டும். வாங்குபவர் தம் எழுத்தை அங்கேதான் வைப்பார்.

எதை எடுக்கக் கூடாது என்பதில்தான் நம் ஊர்ப் பழக்கம் இடறும். பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் பேரப்பிள்ளையைக் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் காட்சியைப் பார்க்கும்போது எந்தப் படக்காரரின் கையும் துறுதுறுக்கும். ஆடையில்லாக் குழந்தையின் படம் தளத்துக்கு ஏற்றதல்ல. யார் கைக்குப் போகும் என்று தெரியாத இடத்தில் அதை வைக்கவும் கூடாது. குளித்து முடித்துப் பழைய வேட்டித் துணியில் சுற்றிய பிறகு கேமராவை எடுங்கள். அடுத்து வரும் சாம்பிராணிப் புகையில் ஒளி அற்புதமாக விழும்தான். ஆனால் சிசுவின் மூச்சுக்குப் புகை ஆகாது, குழந்தை மருத்துவம் சார்ந்து வாங்குபவர் எவரும் அந்தப் படத்தைத் தொடவும் மாட்டார். கண்ணுக்குள் தீட்டிய மைக்கும் இதே கதிதான். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு பரவாயில்லை. பொட்டோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று எடுத்துவிடலாம், பொட்டை அழிக்கும் நேரத்தைப் பாட்டி முடிவு செய்யட்டும். தூங்கும் குழந்தையை மல்லாத்திக் கிடத்தியே எடுக்க வேண்டும். குப்புறக் கிடத்திச் சுற்றிலும் தலையணை அடுக்கிய படம், மருத்துவர் சொல்லும் அறிவுரைக்கு நேர் எதிரானது.

பால்புட்டி பற்றித் தனியே சொல்ல வேண்டும். இந்தியாவில் 1992 ஆம் ஆண்டின் சட்டமும் அதற்கு 2003 இல் வந்த திருத்தமும் இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் பால்மாவு, புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றை விளம்பரம் செய்வதையே தடுக்கின்றன. பால்மாவு டப்பாவின் மேல் குழந்தைப் படமோ தாயின் படமோ அச்சிடக் கூடாது என்பதும் அதில் உண்டு. புட்டிப்பால் படத்துக்கு உள்நாட்டில் விளம்பரச் சந்தை இல்லை என்பது இதன் பொருள். தாய்ப்பால் ஊட்டும் படத்துக்கோ ஆகஸ்ட் 1 முதல் 7 வரையிலான உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டித் தேவை இருக்கும். முந்தானை போர்த்தி, தாயின் முகமும் குழந்தையின் உச்சந்தலையும் தெரியும்படி எடுத்தால் போதும். ஆண் படக்காரர்கள் இதைப் பெண் ஒருவரிடம் விட்டுவிடுவது முறை. சித்திரையிலேயே பதிவேற்றிவிட வேண்டும். ஆடியில் ஏற்றினால் அந்த ஆண்டுக்கு உதவாது.

இடம் பற்றியும் ஒரு சொல். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமராவோ செல்பேசியோ கொண்டுபோக முடியாது. கோபுரத்தின் பின்னணியில்தான் மதுரை தெரியும் என்பதும் இல்லை. தொட்டில் கயிறு, பித்தளைச் சங்கு, அரைஞாண், வசம்பு வளையல் இருந்தால் நம் ஊர் தானே தெரிந்துவிடும்.

கணினியில்

ஒவ்வொரு படத்தையும் நூறு சதவீத அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். என் முதல் தொகுதியில் 20 படங்களில் 14 திரும்பி வந்தன. குவியமும் ஒளியும் சரியாகத்தான் இருந்தன. டயப்பரின் இடுப்புப் பட்டையில் கட்டைவிரல் நகமளவு கார்ட்டூன் உருவம் ஒன்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. நிறுவனச் சின்னம், பொம்மையின் முகம், சட்டையில் அச்சான கதாபாத்திரம், பவுடர் டப்பாவின் எழுத்து எல்லாம் வணிகமுத்திரை அல்லது பதிப்புரிமைக்குள் வரும். கணினியில் அழிப்பதைவிட, வெற்று நிறத்தில் பருத்தி ஜப்லாக்கள் ஐந்தாறை நீங்களே வாங்கித் துவைத்துக் கொண்டுபோவது எளிது.

தோலை வழுவழுப்பாக்க வேண்டாம். காய்ந்த எச்சிலையும் கீறலையும் நீக்கலாம். பிறந்தவுடன் இடது புயத்தில் போட்ட பிசிஜி ஊசியின் தழும்பை விட்டுவிடுங்கள், இந்தியக் குழந்தையைத் தேடுபவருக்கு அது பொய் சொல்லாத அடையாளம். மாநிறத்தை வெளுப்பாக்குவதை நான் குற்றமாகவே கருதுகிறேன். வாங்குபவர் தேடுவதும் அந்த நிறத்தைத்தான்.

எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியில் உயர்தர ஜேபெக்காகச் சேமிக்க வேண்டும். ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் இரண்டுக்கும் குறைந்த அளவு 4 மெகாபிக்சல். பதிவேற்றும் முன் இருப்பிடத் தகவலைக் கோப்பிலிருந்து நீக்குங்கள். கோப்பின் பெயரிலோ விளக்கத்திலோ குழந்தையின் பெயர், தெரு, ஊர்ப்பெயர் வரக் கூடாது, தென்னிந்தியா என்பது போதும். தேடுசொற்களை ஆங்கிலத்தில் இட வேண்டும். யார், எத்தனை பேர், என்ன வயது, என்ன செய்கிறார்கள், எங்கே, என்ன உணர்வு என்ற வரிசையில் யோசித்தால் முப்பது சொற்கள் தாமாக வரும். அடோபியில் 49 சொற்கள் வரை இடலாம், முதல் பத்துக்கு மதிப்பு அதிகம். ஷட்டர்ஸ்டாக்கில் குறைந்தது 7, அதிகம் 50. ஒரே நொடியில் எடுத்த பத்துப் படங்களையும் ஏற்றாமல், வேறுபாடு தெரியும் மூன்றை மட்டும் ஏற்றுங்கள்.

வருமானம் குறித்துக் கனவு வேண்டாம். அடோபி ஸ்டாக் புகைப்படத்துக்கு விற்ற தொகையில் 33 சதவீதம் தருகிறது. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூன் முதல் 15 இலிருந்து 40 சதவீதம் வரை படிநிலையாகத் தருகிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் எல்லோரும் முதல் படிக்கே திரும்ப வேண்டும். சந்தா வழியே விற்கும் ஒரு படத்துக்குச் சில பத்து சென்ட்களே கிடைப்பது வழக்கம். கணக்குத் தொடங்கியதும் டபிள்யூ-8பிஇஎன் என்ற அமெரிக்க வரிப் படிவத்தை உங்கள் பான் எண்ணோடு நிரப்பிவிடுங்கள். இந்திய-அமெரிக்க ஒப்பந்தப்படி அமெரிக்க விற்பனைக்கான பிடித்தம் 15 சதவீதமாகக் குறையும், நிரப்பாவிட்டால் அதைவிட அதிகம் போகும்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். எந்தக் குழந்தை, எந்தத் தேதி, எந்தப் படிவம், எந்தத் தளத்தில் எந்த எண்ணில் படம் இருக்கிறது என்பதைக் கையால் எழுதி வையுங்கள். பெற்றோர் மனம் மாறிக் கேட்டால் அன்றே தேடி எடுத்து நீக்க அது உதவும். அதே பக்கத்தின் ஓரத்தில், ஐந்தாம் மாதம் எடுத்த குழந்தைக்குச் சோறூட்டுவது எந்த மாதம், அப்போது குழந்தை தாய்வீட்டில் இருக்குமா தகப்பன் வீட்டிலா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, அச்சிட்ட பத்துப் படங்களைக் கொடுக்கப் போகும் நாளிலேயே அடுத்த படிவத்தையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.